டோரிக் லென்ஸ் சாயங்காலம் வரை தாங்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

சிலிண்டர் பவருக்காக, அதாவது கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிக்கட்ட, டோரிக் என்ற வகை கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்குத் தொல்லை வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். "கண்ணு காஞ்சு போச்சு" என்று தாங்களே முடிவுகட்டி, மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். பாட்டில் தீர்ந்துபோகும், தொல்லை தீராது. வறட்சியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் லென்ஸ் திரும்பி நிற்பது, அளவு இறுக்கமாக இருப்பது, பவரையே தோராயமாகக் கொடுத்திருப்பது, லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன் ஒத்துக்கொள்ளாதது எல்லாமே வெளியே வரும்போது "உறுத்துது", "மங்குது" என்ற அதே இரண்டு சொற்களில்தான் வருகின்றன. லென்ஸ் பொருத்துவது என் வேலை. வருபவர்களிடம் நான் என்ன கேட்பேனோ, எதைப் பார்ப்பேனோ அதை இங்கே எழுதுகிறேன்.

சாதாரண லென்ஸ் கண்ணுக்குள் எப்படிச் சுழன்றாலும் பாதகமில்லை, எல்லாப் பக்கமும் ஒரே பவர். டோரிக்கில் அது நடக்காது. கருவிழியின் வளைவு ஒரு திசையில் அதிகமாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் இருக்கிறது. அதைச் சரிக்கட்டும் பவரும் அதே கோணத்தில் நின்றாக வேண்டும். சீட்டில் ஆக்சிஸ் என்று போட்டு 180 வரைக்குள் ஓர் எண் எழுதியிருப்பார்களே, அந்தக் கோணம்தான் இது. லென்ஸ் சுழலாமல் நிற்பதற்காகச் சில கம்பெனிகள் அதன் கீழ்ப்பகுதியைத் தடிமனாக்குகின்றன. வேறு சில, மேலும் கீழும் மெலிதாக்கி, தடித்த பகுதி இரண்டு இமைகளுக்கும் நடுவில் நிற்கும்படி செய்கின்றன. பல டோரிக் லென்ஸ்களின் விட்டமும் 14.5 மி.மீ.; அதே வகையின் சாதாரண லென்ஸ் 14 மி.மீ. தான் இருக்கும். கொஞ்சம் பெரியது, கொஞ்சம் தடித்தது, ஆக்சிஜன் கொஞ்சம் குறைவாகப் போவது. டோரிக்கின் பாதித் தொல்லைகள் இந்த மூன்றிலிருந்து வருபவை.

முதலில் இது இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்த்தாலே கூசுகிறதா? லென்ஸைக் கழற்றிய பிறகும் வலி குறையவில்லையா? பார்வை மங்குகிறதா? கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். கழற்றிய லென்ஸையும் கேஸையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று பார்க்க அவை உதவும்.

மெட்ராஸ் ஐ பரவும் மாதங்களில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் கண் சிவந்தால் அடுத்தவரும் "எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்று இருந்துவிடுவார். லென்ஸ் போடுபவர் அப்படி இருக்கக் கூடாது. மெட்ராஸ் ஐயில் பொதுவாக அரிப்பு, நீர் வடிதல், பீளை இருக்கும். ஊசி குத்துவது போல ஆழமான வலியும், ஒரே கண்ணில் கடுமையான கூச்சமும் இருந்தால் அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம். கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் சிவப்பு நீக்கும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் பூஞ்சைத் தொற்றின் பங்கு மிக அதிகம். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் இரண்டு நாள் கண் வெளுத்ததுபோல் இருக்கும், உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகும்.

சரி, அப்படி எதுவும் இல்லையா? அப்படியானால் ஒரு சின்னச் சோதனை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். இயல்பாகச் சிமிட்டுங்கள். சிமிட்டியதும் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிமிட்டினாலும் மாறாத மங்கல் ஒரு வகை. சிமிட்டியதும் தெளிந்து, சில நொடியில் மறுபடி மங்குவது இன்னொன்று. சிமிட்டியதும் மங்கி, பிறகு நிலைக்கு வருவது மூன்றாவது. இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கீழே உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்குப் போங்கள். இரண்டாவது வகை என்றால் மதிய எரிச்சல் பற்றிய பகுதி, ஒட்டிக்கொள்ளும் லென்ஸ் பற்றிய பகுதி இரண்டையும் படியுங்கள்.

போட்டதிலிருந்தே மங்கல், சிமிட்டினாலும் மாறவில்லை

இடது வலது மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண லென்ஸில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்றால் மாறினாலும் தெரியாது. டோரிக்கில் ஒரு கண் ஆக்சிஸ் 20, இன்னொரு கண் 160 என்று இருப்பது சகஜம். மாற்றிப் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும். அடுத்தது, லென்ஸ் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறதா என்பது. விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சரியான பக்கம் கிண்ணம் மாதிரி நேராக எழுந்து நிற்கும். தப்பான பக்கத்தில் விளிம்பு தட்டு மாதிரி வெளியே விரியும்.

இரண்டும் சரி என்றால் லென்ஸ் திரும்பி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டோரிக் லென்ஸ்களில் மெல்லிய அடையாளக் கோடு பொறித்திருப்பார்கள். பயோஃபினிட்டி டோரிக்கில் 6 மணி இடத்தில் ஒரு கோடு இருக்கும், அக்யுவ்யூ ஒயாசிஸ் டோரிக்கில் 6-இலும் 12-இலும் இருக்கும். போட்டுக் கால் மணி நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் நின்று, வேறொருவரை விட்டு உங்கள் கண்ணை செல்போனில் நெருக்கமாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். கோடு நேரே கீழே இருக்கிறதா, பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறதா? கடிகார முகப்பை மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்: ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் 30 டிகிரி, ஒரு நிமிடக் கோட்டுக்கு 6 டிகிரி.

இந்த டிகிரிக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், லென்ஸ் 10 டிகிரி திரும்பினால் சிலிண்டர் பவரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நின்றுவிடும். 30 டிகிரி திரும்பினால் முழு சிலிண்டரும் மிச்சம், அதாவது டோரிக் போட்டும் ஒரு பயனும் இல்லை. சிலிண்டர் −0.75 உள்ளவருக்கு 10 டிகிரி என்றால் கால் (0.25) பவர்தான் தப்பும், பெரும்பாலும் தெரியாது. −2.25 உள்ளவருக்கு அதே 10 டிகிரியில் முக்கால் (0.75) பவருக்கு மேல் போய்விடும். அதனால்தான் பக்கத்து சீட்டு நண்பருக்கு அருமையாக இருக்கும் லென்ஸ் உங்களுக்கு இருக்காது.

கோடு எப்போது பார்த்தாலும் ஒரே இடத்தில் திரும்பி நின்றால் அது நல்ல செய்தி. அந்தத் திருப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆக்சிஸை மாற்றி வேறு லென்ஸ் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கணக்கை நீங்களே போட்டு ஆன்லைனில் வாங்காதீர்கள். படம் எடுத்த பக்கம், கண்ணாடியில் தெரிந்த பக்கம் என்று இடது வலது குழம்பிவிட்டால், பிழை இரட்டிப்பாகும்.

லென்ஸ் அட்டையில் இருக்கும் எண் கண்ணாடிச் சீட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று பலர் பதறி வருவார்கள். ஒத்துப்போகாமல் இருப்பதுதான் பல நேரம் சரி. கண்ணாடி கருவிழியிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி இருக்கிறது, லென்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பவர் 4-க்கு மேல் போனால் இந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கண்ணாடியில் −6.00, சிலிண்டர் −2.00 என்று இருப்பவருக்கு லென்ஸில் சுமார் −5.50, சிலிண்டர் −1.75 வரும். தவிர, லென்ஸில் சிலிண்டர் பவர் பொதுவாக −0.75, −1.25, −1.75, −2.25 என்று அரை அரையாகத்தான் கிடைக்கும். ஆக்சிஸும் பெரும்பாலான வகைகளில் பத்துப் பத்தாகத்தான். சீட்டில் 17 என்றால் லென்ஸ் 20. இந்த அளவுக்கு வித்தியாசம் இருக்கலாம்.

சிமிட்டியதும் மங்கி, பிறகு தெளிகிறது. படுத்தால், தலை சாய்த்தால் கலங்குகிறது

லென்ஸ் நிலையாக நிற்கவில்லை. ஒவ்வொரு முறை இமை இறங்கும்போதும் கொஞ்சம் சுழன்று, மெல்ல நிலைக்கு வருகிறது. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தோன்றி மறையும். சோபாவில் ஒருக்களித்துப் படுத்து டிவி பார்க்கும்போதோ, ஷட்டில் ஆட்டத்தில் சட்டென்று ஓரப்பார்வை பார்க்கும்போதோ நன்றாகத் தெரியும். கீழ்ப்பகுதி தடித்த வகை லென்ஸில் இது கூடுதலாக நடக்கும். அந்தத் தடிப்பு கீழே இருப்பதால்தான் லென்ஸ் நிற்கிறது. நீங்கள் படுக்கும்போது "கீழே" என்பதே வேறு பக்கம் ஆகிவிடுகிறது.

இதற்கு பவரை மாற்றிப் பயனில்லை. இன்னொரு வகை டோரிக்குக்கு மாறிப் பார்க்க வேண்டும்: கீழே தடித்ததில் தொல்லை என்றால் இமைகளுக்கு இடையில் நிற்கும் வகைக்கு, அதில் தொல்லை என்றால் தடித்ததற்கு. லென்ஸ் தளர்வாக இருந்தாலும் இப்படி ஆகும், அப்போது வளைவு அளவைக் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்பார்கள். புது லென்ஸில் இல்லாமல், மாத லென்ஸின் மூன்றாவது நான்காவது வாரத்தில் மட்டும் ஆரம்பிக்கிறது என்றால் மேற்பரப்பில் அழுக்குப் படிந்து, இமை அதைப் பிடித்து இழுக்கிறது. அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

காலையில் பிரமாதம், மதியம் மூன்று மணிக்கு மேல் எரிச்சல், உறுத்தல்

அதிகம் பேர் வருவது இதற்காகத்தான். அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். சொட்டு மருந்துக்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: தொல்லை லென்ஸினுடையதா, கண்ணினுடையதா?

ஒரு வேலை நாளில் லென்ஸ் போடாமல் கண்ணாடியோடு ஆபீஸ் போய்ப் பாருங்கள். அதே மூன்று மணிக்கு, அதே மாதிரி எரிகிறதா? எரிந்தால் உங்கள் கண்ணே வறண்ட கண். எந்த விலை லென்ஸ் வாங்கினாலும் அடிப்படை மாறாது. எரியவில்லை என்றால் அடுத்த சோதனை. லென்ஸ் போட்ட ஒரு நாளில் தொல்லை ஆரம்பித்ததும் கழற்றி, சொல்யூஷன் விட்டு உள்ளங்கையில் தேய்த்து, அலசித் திரும்பப் போடுங்கள். மறுபடி காலை மாதிரி ஆகிவிட்டால் லென்ஸின் மேற்பரப்பில்தான் கோளாறு, அதாவது அழுக்குப் படிந்திருக்கிறது, அல்லது காய்ந்திருக்கிறது. தேய்த்துப் போட்டும் உறுத்தினால், இன்னொரு நாள் அதே நேரத்தில் புது லென்ஸ் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். புதிதும் உறுத்தினால் பொருத்தமோ கண்ணோதான் காரணம்.

கண் காரணம் என்றால் பெரும்பாலும் இமை விளிம்பில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கும். கண்ணீரின் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால்தான் அது ஆவியாகாமல் நிற்கும். வெதுவெதுப்பான துணியை மூடிய இமைகள் மேல் சில நிமிடம் வைத்து, இமை விளிம்பை மெதுவாக நீவிவிடுவது, இதை தினமும் செய்வது, பல பேருக்குச் சொட்டு மருந்தைவிட நன்றாக வேலை செய்யும். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் செட்ரிசின் போன்ற மாத்திரைகள் கண்ணை உலர்த்தும். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுபவர்களுக்கு அது இன்னும் அதிகம்; அந்த மாதங்களில் லென்ஸ் நேரத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

லென்ஸ் காரணம் என்றால், அது எந்தக் காற்றில் இருக்கிறது என்று பாருங்கள். இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டோம். கடைசியில் அவர் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே ஏசி திறப்பு, காற்று நேராக வலது கண்ணில். வலது கண்தான் சிவக்கும். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்ததும் பாதி குறைந்தது. பைக்கில் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுவதும் இதே கதைதான். தூசியும் சேர்ந்து வரும்.

சிமிட்டல் அடுத்தது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். அதிலும் பாதிச் சிமிட்டல்தான்: மேலிமை நடுவரை இறங்கித் திரும்பிவிடும். டோரிக்கில் தடித்த அடிப்பகுதி இருக்கும் இடமும் கண்ணின் கீழ்ப்பாதிதான். அங்கே ஈரம் தடவப்படாமல் காய்கிறது. "அதிகமாகச் சிமிட்டுங்கள்" என்று சொன்னால் யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு போன் கால் முடியும்போதும் ஐந்து தடவை இமை முழுக்கத் தொடும்படி மூடித் திறங்கள் என்று ஒரு வேலையோடு கட்டிவிட்டால் நடக்கிறது. திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் கண் திறப்பு குறைந்து, காயும் பரப்பும் குறையும்.

லென்ஸின் பொருளும் கணக்குதான். அதிக நீர்ச்சத்துள்ள லென்ஸ் நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஏசி அறையில் அது தன் நீரை வேகமாக இழந்து, கண்ணீரிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். சிலிகான் ஹைட்ரோஜெல் வகைகளில் நீர்ச்சத்து குறைவு, ஆக்சிஜன் பல மடங்கு அதிகம். தடித்த டோரிக்கை நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போடுபவருக்கு இதைத்தான் சொல்வேன். கட்டுப்படியானால், தினமும் தூக்கிப் போடும் டோரிக் இன்னும் மேல். அழுக்குப் படிவதும் இல்லை, சொல்யூஷன் பிரச்சினையும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் லென்ஸ் போடுபவர்களுக்குக் கணக்குப் பார்த்தால் விலையும் ரொம்பத் தூரம் போகாது.

மாத லென்ஸ் என்றால் பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம். போட்ட நாட்களை மட்டும் கூட்டி மூன்று மாதம் ஓட்டுவது பெரிய அளவில் நடக்கிறது. மூன்று மணி எரிச்சலோடு வருபவர்களிடம் "இதை எப்போ பிரிச்சீங்க?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு வரும், பதில் வராது.

சொட்டு மருந்து இப்போது. லென்ஸ் போட்டபடியே விடலாம் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். பதப்படுத்தும் பொருள் இல்லாத, ஒற்றை உபயோகக் குப்பிகள் நல்லது. பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருள் இருந்தால் லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கண்ணுக்குள் விடும். பன்னீர், தேன், இளநீர் எதுவும் வேண்டாம்.

கீழிமையில் ஏதோ தட்டுப்படுகிறது

பார்வை நன்றாக இருக்கிறது, ஆனால் லென்ஸ் இருப்பது நாள் முழுக்கத் தெரிகிறது. புதிதாக டோரிக்குக்கு வந்தவர் என்றால் முதல் ஒன்றிரண்டு வாரம் கொஞ்சம் தெரியும், பழகிவிடும். அதற்குப் பிறகும் தெரிந்தால் தடித்த கீழ் விளிம்பு உங்கள் இமையில் இடிக்கிறது. வேறு வடிவமைப்புக்கு மாறுவதுதான் வழி. ஒரே இடத்தில் கூர்மையாகக் குத்தினால் லென்ஸ் ஓரம் கிழிந்திருக்கும்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சின்னக் கீறல் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

போடும்போதே எரிகிறது

ஒரு நாள் மட்டும் எரிந்தால் கையில்தான் பதில். பச்சை மிளகாய் நறுக்கிய கை, பூண்டு உரித்த கை, தலைக்கு எண்ணெய் வைத்த கை. ஒரு தடவை சோப்புப் போட்டால் மிளகாய்க் காரம் போகாது. சமைப்பதற்கு முன்பே லென்ஸைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். கழற்றும் நேரத்திலும் இதே சங்கடம் உண்டு, அப்போது எண்ணெயும் சோப்புமாக இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள். மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பு விரலில் ஒரு படலத்தை விட்டுவிடும், சாதாரண சோப்பே மேல். கை துடைக்கும் துண்டின் பஞ்சு நூலும் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும்.

தினமும் போட்டவுடன் எரிந்து, கால் மணி நேரத்தில் அடங்கினால் சொல்யூஷனைச் சந்தேகப்படுங்கள். அதில் இருக்கும் கிருமிநாசினி சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. வேறு வகைச் சொல்யூஷனுக்கு மாறிப் பாருங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு முறையும் இருக்கிறது, எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதில் 3 சதவீதப் பெராக்சைடு, அதற்கென்று தரப்படும் கேஸில் குறைந்தது 6 மணி நேரம் இருந்து நீராக மாறிய பிறகுதான் லென்ஸை எடுக்க வேண்டும். அவசரத்துக்கு நேராகக் கண்ணில் விட்டால் அலறிவிடுவீர்கள்.

கேஸில் இருக்கும் பழைய சொல்யூஷன் மேலேயே புதிதை ஊற்றி நிரப்பும் பழக்கத்தை இன்றே விடுங்கள். 2006-இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று லென்ஸ் போடுபவர்களிடையே ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று பரவி, ஒரு சொல்யூஷன் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அப்போது பேசப்பட்ட பழக்கங்களில் இதுவும் ஒன்று. கேஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள்; மாடித் தொட்டித் தண்ணீரில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்க வாய்ப்புண்டு. அது கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டிவரும். லென்ஸோடு குளிப்பதும் நீந்துவதும் இதே காரணத்துக்காகக் கூடாது. சொல்யூஷனாலேயே அலசி, கவிழ்த்துக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு கேஸ் மாற்றுங்கள்.

கண்மை போடுபவர்கள் லென்ஸைப் போட்ட பிறகு மையிடுங்கள், மை கலைப்பதற்கு முன் கழற்றுங்கள். இமையின் உள் விளிம்பில் மை இழுத்தால் அது நேராக லென்ஸில்தான் போய் ஒட்டும், சுரப்பிகளின் வாயையும் அடைக்கும்.

கழற்றியதும் அரிப்பு, காலையில் பீளை, லென்ஸ் மேலே ஏறுகிறது

கழற்றியதும் தேய்க்கத் தோன்றும் அளவுக்கு அரித்தால் மேலிமையின் உள்பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பியிருக்கலாம். லென்ஸில் படிந்த அழுக்குக்கு இமை காட்டும் அலர்ஜி இது. கொப்புளம் லென்ஸைப் பிடித்து மேலே இழுக்கும், டோரிக் என்றால் சுழலும், பார்வையும் போகும். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. இமையைப் புரட்டிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். சில வாரம் லென்ஸே போடாமல் இருக்கச் சொல்வார்கள், பிறகு தினசரி லென்ஸுக்கு மாறச் சொல்வார்கள்.

சாயங்காலம் லென்ஸ் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது

முதலில் ஒட்டியிருப்பதைப் பிடுங்காதீர்கள். லென்ஸுக்கான சொட்டு விட்டு, கண்ணை மூடிப் பத்து நிமிடம் காத்திருந்து, லென்ஸ் நகர்கிறது என்று தெரிந்த பிறகு எடுங்கள். பஸ்ஸில் தூங்கி எழுந்த அன்று மட்டும் இப்படி என்றால் காரணம் தூக்கம். தினமும் இப்படி என்றால், கழற்றியதும் வெள்ளைவிழியில் கருவிழியைச் சுற்றி அழுந்திய வட்டத் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் லென்ஸ் இறுக்கம். இறுக்கமான லென்ஸ் காலையில் மிகவும் சுகமாக இருக்கும், நகரவே நகராது, ஆக்சிஸும் அசையாது, கடையில் பார்க்கும்போது எல்லாம் பிரமாதம். மாலையில்தான் குணத்தைக் காட்டும். சிமிட்டிய நொடி மட்டும் பார்வை தெளிந்து மறுபடி மங்குவதும் இதன் அடையாளம், வறட்சியும் அப்படித்தான் காட்டும். வட்டத் தடம்தான் இரண்டையும் பிரிக்கும்.

சாயங்காலத் தலைவலி, இரவில் விளக்குகளுக்கு வால்

கண்ணில் உறுத்தலே இல்லை, ஆனால் ஐந்து மணிக்கு நெற்றி வலிக்கிறது. எதிரே வரும் வண்டி விளக்கு ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரிகிறது. சிலிண்டரில் கொஞ்சம் திருத்தப்படாமல் நிற்கிறது என்று பொருள். இரவில் கண்மணி விரிவதால் அந்த மிச்சம் பெரிதாகத் தெரியும்.

அட்டையை எடுத்து, அதில் சிலிண்டர் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேருக்கு இருக்காது. −3.00, சிலிண்டர் −1.00 உள்ளவருக்குப் பாதிச் சிலிண்டரைச் சேர்த்து −3.50 சாதாரண லென்ஸ் கொடுத்துவிடுவது ஒரு குறுக்குவழி. விலை குறைவு, கையிருப்பிலும் இருக்கும். பத்து நிமிடம் சார்ட் படிக்கும்போது சமாளித்துவிடலாம். எட்டு மணி நேரம் எக்ஸெல் பார்க்கும்போது முடியாது. −0.75 சிலிண்டருக்கே டோரிக் கிடைக்கிற காலத்தில், நாள் முழுக்கத் திரை பார்ப்பவருக்கு இதைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

வயது நாற்பதைத் தொட்டிருந்தால் வேறு காரணமும் உண்டு. மைனஸ் பவர்காரர்கள் கண்ணாடியில் படிப்பதைவிட லென்ஸில் படிக்கும்போது கண் கூடுதலாக உழைக்க வேண்டும். வெள்ளெழுத்து ஆரம்பிக்கும்போது கண்ணாடியில் தெரியாத சிரமம் லென்ஸில் முன்கூட்டியே தெரிந்துவிடும். லென்ஸ் மேல் பழி போடாமல், பக்கத்தில் வைத்துப் படிப்பதற்கான பவரைச் சோதியுங்கள்.

எத்தனை மாற்றினாலும் சரியாகவில்லை, பவரும் ஏறிக்கொண்டே போகிறது

பதின்வயதிலோ இருபதுகளிலோ வருடத்துக்கு வருடம் சிலிண்டர் கூடி, ஆக்சிஸ் மாறிக்கொண்டே இருந்தால், கண்ணைத் தேய்க்கும் பழக்கமும் இருந்தால், லென்ஸ் மாற்றுவதை நிறுத்திவிட்டு, கருவிழியின் வளைவைப் படமாகக் காட்டும் டோபோகிராஃபி சோதனை எடுங்கள். கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் இப்படித்தான் தொடங்கும். ஆரம்பத்தில் பிடித்தால் மேலும் ஏறாமல் நிறுத்தச் சிகிச்சை உண்டு. வலி இல்லாத, சில நிமிடச் சோதனைதான்.

அப்படிப்பட்ட ஒழுங்கற்ற கருவிழிக்கும், மிக அதிகச் சிலிண்டருக்கும் மென்மையான டோரிக் போதாது. கடினமான ஆர்ஜிபி லென்ஸ் தன் வடிவத்தை விடாது. அதற்கும் கருவிழிக்கும் நடுவில் தேங்கும் கண்ணீர் மேடு பள்ளத்தை நிரப்பிவிடுவதால் சுழன்றாலும் பார்வை கெடாது. போடும் முதல் சில வாரம் கஷ்டம். ஸ்கிளீரல் லென்ஸ் பெரியது, வெள்ளைவிழியில் உட்காரும், கருவிழியைத் தொடவே தொடாது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பலரும் ஆர்ஜிபியைவிட அதைச் சுகமாக உணர்கிறார்கள். விலைதான் எட்டாத உயரம்.

சோதனைக்குப் போகும் நாளில்

லென்ஸைக் கழற்றிவிட்டுப் புத்துணர்ச்சியான கண்ணோடு காலை பத்து மணிக்குப் போய் நின்றால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தொல்லை மூன்று மணிக்கு என்றால் நாலு மணிக்கு நேரம் வாங்குங்கள். குறைந்தது நாலு மணி நேரம் லென்ஸ் போட்டபடி வாருங்கள். லென்ஸ் அட்டை, சொல்யூஷன் பாட்டில், கேஸ், சொட்டு மருந்து, கண்ணாடி, பழைய சீட்டுகள் எல்லாம் பையில் இருக்கட்டும். செல்போனில் எடுத்த அந்தக் கோட்டுப் படம் இருந்தால் அதையும் காட்டுங்கள், எந்தக் கண், என்ன நேரம் என்று சொல்லி. சிவப்போ வலியோ இருந்தால் மட்டும் இந்த விதி கிடையாது; உடனே கழற்றிவிட்டு வாருங்கள்.